தாயாய்ப் பிள்ளையாய்ப் பழகும் ஊரில் ஒரு ரிவால்வர்

காலனித் தெரு,
செங்கழனிக் கோட்டகம்.
20.8.2023

அண்ணனுக்கு,

சுடர்விழி எழுதுகிறேன். செல்லில் கூப்பிட்டால் எடுப்பதில்லை. ஆபீஸ் நம்பருக்குக் கூப்பிட்டதற்கு அன்று நீங்கள் கத்திய கத்தல் இன்னும் காதில் நிற்கிறது. அதனால்தான் கடிதம். ஆளை நேரில் பார்த்தே நாலு வருஷம் ஆகிறது. நான் தேர்தலில் நிற்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனவர்தானே நீங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் கேட்டு மனு போட்டிருக்கிறேன். சிரிக்காதீர்கள். ஊராட்சித் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து மூன்றரை வருஷத்தில் நான் சிரித்தது குறைவு.

போன மாதம் பெரிய குளத்து மீன் குத்தகையைப் பொது ஏலத்தில் விட்டேன். இருபது வருஷமாகத் துணைத் தலைவர் துரைக்கண்ணு வீட்டுக்கே போய்க்கொண்டிருந்த குளம் அது. இந்தத் தடவை நம் தெருப் பெண்கள் குழு எடுத்தது. அவ்வளவுதான் நடந்தது. ஆகஸ்ட் பதினைந்து கொடியேற்றி முடித்ததும் பக்கத்தில் வந்து நின்று, மிட்டாயைப் பிரித்துக்கொண்டே சொன்னான்: "மேடம் ரொம்ப முன்னால வந்து நிக்கிறீங்க. கொஞ்சம் பின்னால நின்னா உயிருக்கு நல்லது."

அவனிடம் தாத்தா காலத்து இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று இருக்கிறதே, உங்களுக்குத் தெரியும். பயிரைக் காக்க என்று உரிமம். நம் ஊர் நெல்லை எந்த யானை வந்து தின்றதோ! நான் ஆபீஸுக்குப் போகிற நேரம் பார்த்து வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதற்கு எண்ணெய் போட்டுத் துடைக்கிறான். குழல் என் பக்கம் பார்த்திருக்கும். "சும்மா தொடைக்கிறேன், நீங்க போங்க மேடம்" என்கிறான். போலீஸில் மனு கொடுத்தேன். "தொடைக்கிறது குத்தமில்லையேம்மா" என்றார்கள்.

வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். தாழ்ப்பாள் போட்டுவிட்டு உலக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுக்கிறோம்.

உரிமத்துக்குப் போலீஸ் விசாரணை உண்டு. கூடப் பிறந்தவர்களிடமும் கேட்பார்களாம். உங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறேன். அரசாங்க உத்தியோகத்தில் இருப்பவர் சொன்னால் எடுபடும். எனக்காகப் பொய் சொல்ல வேண்டாம். நடப்பதைச் சொன்னால் போதும்.

சுடர்விழி

தஞ்சாவூர்,
2.9.2023

அன்புத் தங்கைக்கு,

உன் 20.8.2023 தேதியிட்ட கடிதம் கிடைத்தது.

முதலில் ஒன்று. கவரின் மேல் அனுப்புநர் முகவரியில் தெருப் பெயரைப் போடாதே. ஊர் பெயர் போதும், தபால் சரியாக வந்துவிடும். இங்கே கீழ் வீட்டுக்காரர்தான் தபாலை வாங்கி வைக்கிறார். ஒவ்வொரு கவரையும் திருப்பித் திருப்பிப் பார்க்கிற மனிதர். உனக்குச் சொன்னால் புரியாது. பெண் வானதிக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

துப்பாக்கியாம் துப்பாக்கி! உனக்கு என்ன பைத்தியமா? நம் அப்பா ஐயாவு கையில் அரிவாளைப் பிடித்தது நெல் அறுக்கத்தான். எத்தனை பேச்சு கேட்டார், எத்தனை தடவை துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். அவர் பொறுத்ததால்தான் நான் படித்தேன். நீ படித்தாய். உன் கையில் துப்பாக்கி இருப்பது தெரிந்தால் அதுவே அவனுக்குச் சாக்கு. "அவதான் முதல்ல நீட்டினா" என்று சொல்லிவிட்டுப் போவான். அப்போது உன் பக்கம் யார் வருவார்கள்?

குளத்துக் குத்தகையை அந்த ஆளுக்கே விட்டுவிட்டு மிச்ச காலத்தை ஓட்டு. முடியாவிட்டால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கும்பகோணத்தில் ஒரு வாடகை வீடு பார். நான் விசாரித்துச் சொல்கிறேன்.

விசாரணை வந்தால் பார்க்கிறேன்.

பகலவன்

செங்கழனிக் கோட்டகம்,
24.9.2023

அண்ணனுக்கு,

தெருப் பெயரைப் போடவில்லை, பாருங்கள். கீழ் வீட்டுக்காரர் நிம்மதியாகத் தூங்கட்டும்.

தஞ்சாவூரில் மூன்று படுக்கையறை வீடு கட்டியிருக்கிறீர்கள். எங்களுக்குக் கும்பகோணத்தில் வாடகை வீடு பார்க்கிறீர்கள். நல்லா இருக்கு அண்ணே. அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டவில்லை.

அப்பா பொறுத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். பொறுத்துப் பொறுத்து முதுகு வளைந்துபோன ஆளைத் தூக்கிப் பாடையில் வைத்தபோது நிமிர்த்தி வைக்க முடியாமல் நாலு பேர் பட்ட பாட்டை நீங்களும்தான் பார்த்தீர்கள். எனக்கு அது போதும்.

போன வாரம் திருச்சிக்குப் போய்த் துப்பாக்கிக் கடையைப் பார்த்துவிட்டு வந்தேன். உரிமம் வந்தபிறகுதான் வாங்க முடியும், பார்க்கத் தடையில்லை. கடைக்காரர் ஃபாஜில் பாய், அறுபது வயது இருக்கும். உள்ளே நுழைந்ததும் என்னோடு ஆம்பிளை யாரும் வந்திருக்கிறார்களா என்று வாசலைப் பார்த்தார். இல்லை என்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டார். "யாரு மேல கோபம்னு நான் கேக்க மாட்டேம்மா. கையக் காட்டுங்க" என்றார். வளையல் கடைக்காரர் மாதிரி என் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். "துப்பாக்கிய கண்ணுக்குப் பாத்து எடுக்கக்கூடாது, கைக்குப் பாத்து எடுக்கணும். வர்றவங்கல்லாம் பளபளன்னு இருக்கறதக் கேட்டு வாங்கிட்டுப் போயி பீரோவுல வெச்சுப் பூட்டிடறாங்க."

முதலில் ஒரு பிஸ்டல் கொடுத்தார். பிடி என் கைக்குத் தடிமன். மேல்பாகத்தைப் பின்னால் இழுத்தால்தான் குண்டு ஏறுமாம். இழுத்தேன், பாதிக்கு மேல் வரவில்லை. நாற்று நட்ட கைதான், ஆனாலும் வரவில்லை. "பதட்டத்துல இதெல்லாம் ஞாபகம் வராதும்மா" என்று வாங்கி வைத்துவிட்டார். அடுத்து கைப்பைக்குள் போடுகிற மாதிரி குட்டி ரிவால்வர். அதற்கும் அவரே வேண்டாம் என்று தலையாட்டினார். சின்னது சுடும்போது கையில் துள்ளுமாம். "அப்புறம் பையில வெக்காதீங்க. நீங்க பையில தேடறதுக்குள்ள வந்தவன் வேலையை முடிச்சிட்டுப் போயிடுவான்."

மூன்றாவதாகக் கொடுத்தது முப்பத்திரண்டு ரிவால்வர். ஆறு குண்டு. முக்கால் கிலோ இருக்கும். விசை கொஞ்சம் கடினம், அது நல்லதுதான், தவறிப்போய் வெடிக்காது என்றார். குண்டு இல்லை என்று எனக்குத் திறந்து காட்டிவிட்டுச் சுவரைப் பார்த்து இழுக்கச் சொன்னார். முதல் தடவை பாதியில் நின்றுவிட்டது. ஆள்காட்டி விரலை இன்னும் உள்ளே விட்டு இழுத்தேன். டொக் என்றது. "இதுதான் உங்களுது" என்றார். புடவையில் எங்கே செருகுவது என்று இரண்டு பேரும் யோசித்தோம். இடுப்பு பெல்ட் ஒன்று தைத்துத் தர ஆள் இருக்கிறாராம்.

யாரையாவது சுடுவேனா என்று கேட்டால் எனக்கே தெரியாது அண்ணே. ஒரே ஒரு ஆசைதான். ஒருநாள் காலையில் அவன் போகிற நேரம் பார்த்து, நானும் என் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதைத் துடைக்க வேண்டும்.

இந்த மாதமோ அடுத்த மாதமோ சப்-இன்ஸ்பெக்டர் உங்களிடம் வருவார். நடப்பதை மட்டும் சொல்லுங்கள்.

சுடர்விழி

தஞ்சாவூர்,
8.11.2023

அன்புத் தங்கைக்கு,

சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். சொல்ல வேண்டியதைச் சொல்லி, கையெழுத்தும் போட்டுவிட்டேன். அலுவலகத்துக்கே வந்துவிட்டார், முன்கூட்டிச் சொல்லியிருந்தால் வீட்டுக்கு வரச் சொல்லியிருப்பேன்.

அம்மாவுக்குத் தீபாவளிப் புடவையும் மூட்டுவலித் தைலமும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ஆடுதுறை பக்கம் மழை அதிகம் என்று பார்த்தேன். பயிர் தண்ணீரில் நிற்கிறதா?

வேலை அதிகம். நீளமாக எழுத முடியவில்லை.

பகலவன்

காலனித் தெரு,
செங்கழனிக் கோட்டகம்.
26.2.2024

பகலவன் சார் அவர்களுக்கு,

உரிமம் மறுத்து உத்தரவு வந்திருக்கிறது. உங்களுக்கு இந்த நடை பிடிக்கும் என்பதால் அப்படியே எழுதுகிறேன்.

"மனுதாரரின் உடன்பிறந்த சகோதரரும் அரசு அலுவலருமான திரு. பகலவன் அளித்த வாக்குமூலத்தில், மேற்படி கிராமத்தில் அனைத்துத் தரப்பினரும் தாயாய்ப் பிள்ளையாய்ப் பழகி வருவதாகவும், மனுதாரருக்கு எவராலும் ஆபத்து இல்லை எனவும், மனுதாரர் இயல்பிலேயே முன்கோபி எனவும் தெரிவித்துள்ளார்."

தாயாய்ப் பிள்ளையாய்! நீங்களும் நானும் எந்த ஊரில் பிறந்தோம் சார்? நீங்கள் ஏழாவது படித்தபோது பெரிய குளத்தில் இறங்கிக் குளித்ததற்குச் சட்டையைப் பிடுங்கிக்கொண்டு வெறும் உடம்போடு ஊர்வழியாக ஓட விட்டார்களே, அது எந்தத் தாய், எந்தப் பிள்ளை? அம்மா தன் முந்தானையைப் பிரித்து உங்கள் மேல் போர்த்திக் கூட்டி வந்தாள். நான் அப்போது குழந்தை, எனக்குத் தெரியாது. நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். சொல்லும்போது அழுதீர்கள். அதே குளத்தை ஏலம் விட்டதற்குத்தான் என் மேல் குழல் திரும்பியிருக்கிறது.

உத்தரவு எனக்கு வருவதற்கு முன்னாலேயே டீக்கடையில் செய்தி வந்துவிட்டது. துரைக்கண்ணு எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தானாம். "அவங்க அண்ணனே சொல்லிட்டாரு, நாம தாயா புள்ளையான்னு. படிச்சவரு படிச்சவருதான்" என்றானாம். எனக்கு என்ன ஆனாலும் கேட்க ஆளில்லை என்பது இப்போது ஊருக்கே தெரியும். துப்பாக்கி கிடைக்காதது ஒன்றுமில்லை. இதுதான் பெரிய கேடு. இதைச் செய்தவன் துரைக்கண்ணு இல்லை.

அம்மாவிடம் உத்தரவைப் படித்துக் காட்டினேன். "பகலவன் அப்படிச் சொல்லியிருக்க மாட்டான், போலீசு தானா எழுதிக்கிட்டிருக்கும்" என்கிறாள். அந்தத் தீபாவளிப் புடவையை இன்னும் மடிப்புக் கலைக்காமல் வைத்திருக்கிறாள்.

தானாக எழுதிக்கொண்டார்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். பொய்யாக இருந்தாலும் அவளுக்குப் படித்துக் காட்டுகிறேன்.

சுடர்விழி

தஞ்சாவூர்,
24.3.2024

சுடர்,

ஒரு மாதமாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன்.

போலீஸ் தானாக எழுதவில்லை. நான்தான் சொன்னேன்.

மதியச் சாப்பாட்டு நேரம். எங்கள் மேசையில் நாலு பேர் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தோம். அருகில் மேலதிகாரி குஞ்சிதபாதம் சார். அவருடைய அக்கா மகனுக்குத்தான் வானதியைக் கேட்டுப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அந்த சப்-இன்ஸ்பெக்டர் நின்றபடியே உரக்கக் கேட்டார்: "சார், உங்க தங்கச்சிக்கு ஊர்ல சாதிப் பிரச்சினைன்னு மனு போட்டிருக்காங்க. நீங்க எந்தத் தெரு?"

நாலு பேர் கையும் அப்படியே நின்றது. இருபத்திரண்டு வருஷம் சுடர். இருபத்திரண்டு வருஷமாக யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. என் பெயரை வைத்து எதுவும் கண்டுபிடிக்க முடியாது. பேச்சிலும் ஒன்றும் தெரியாது. நான் பேசக் கற்றுக்கொண்டது அப்படி. "அதெல்லாம் ஒண்ணுமில்ல சார், எங்க ஊர்ல எல்லாரும் தாயா புள்ளையா பழகுவோம். என் தங்கச்சி கொஞ்சம் கோவக்காரி" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்னதும் குஞ்சிதபாதம் சார், "அப்படித்தான் இருக்கணும்" என்று எனக்கு ஒரு வடையை எடுத்து வைத்தார். அதைச் சாப்பிட்டேன். உன்னிடம் இதை மறைக்க முடியவில்லை. சாப்பிட்டேன்.

அந்த வரன் பிறகு எப்படியும் தட்டிப்போயிற்று. விசாரித்திருக்கிறார்கள்.

அம்மாவுக்கு எதை வேண்டுமானாலும் படித்துக் காட்டு.

ஒரு நல்ல செய்தி. நாடாளுமன்றத் தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டது. உரிமம் உள்ள துப்பாக்கி எல்லாவற்றையும் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். துரைக்கண்ணுவும் ஒப்படைத்துவிட்டான், விசாரித்துவிட்டேன். ஓட்டு எண்ணி முடிக்கும்வரை, ஜூன் வரை, அவன் கையில் துப்பாக்கி கிடையாது. அதுவரைக்குமாவது பயமில்லாமல் வெளியே போய் வா. நீ குளத்துப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டாய் என்று, குழுவில் இருக்கும் செம்மொழியின் செல்லிலிருந்து அம்மா என்னிடம் சொன்னாள். போய் வா. அதற்குள் மேல்முறையீட்டுக்கு வழி பார்க்கிறேன்.

பகலவன்

தஞ்சாவூர்,
27.5.2024

சுடர்,

நீ ஆஸ்பத்திரியில் இருந்த ஒன்பது நாளும் வந்தேன். நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். பேச வேண்டாம். இதைப் படித்தால் போதும். படிக்காவிட்டால் செம்மொழி படித்துச் சொல்லட்டும்.

குளத்துக்குப் போ என்று எழுதியவன் நான். துப்பாக்கி இல்லை என்றால் பயமில்லை என்று கணக்குப் போட்ட மடையன் நான். இரண்டு பேர் பைக்கில் வந்து அரிவாளால் வெட்டிவிட்டுப் போவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இரட்டைக் குழலையே பார்த்துக்கொண்டிருந்தோம் எல்லாரும். நீ கையைத் தூக்கித் தடுத்ததால் தலை தப்பியது என்று டாக்டர் சொன்னார். செம்மொழி மீன் வலையை எறிந்து பைக்கைக் கவிழ்த்திருக்காவிட்டால் அடுத்த வெட்டும் விழுந்திருக்கும். அந்தப் பெண்ணின் காலில் விழுந்தேன். விலகிப் போய்விட்டாள்.

நான் செய்ததைச் சொல்கிறேன். போலீஸில் புது வாக்குமூலம் கொடுத்தேன். மேல்முறையீட்டோடும் சேர்த்திருக்கிறேன், நகல் இதனுடன் இருக்கிறது. முதல் வரி: என் பெயர் பகலவன், தகப்பனார் பெயர் ஐயாவு, சொந்த ஊர் செங்கழனிக் கோட்டகம் காலனித் தெரு. குளத்தில் சட்டையைப் பிடுங்கியதிலிருந்து எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். ஆபீஸில் அதே மேசையில் அதே நேரத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி படித்தேன். மறுநாளிலிருந்து குஞ்சிதபாதம் சாருக்கு வயிறு சரியில்லையாம், கேன்டீனில் சாப்பிடுகிறார்.

இந்தத் தடவை உரிமம் கிடைத்துவிடும். ஆனால் வலது கை நரம்பை ஒட்டவைத்திருக்கிறார்கள், ஆள்காட்டி விரல் மடங்குமா என்பது சந்தேகம் என்கிறார் டாக்டர். விதியில் ஒரு வழி இருக்கிறது, படித்துப் பார்த்தேன். உரிமதாரருக்குப் பதிலாக ஆயுதத்தைக் கையாள ஒருவரை நியமிக்கலாம். ரீடெய்னர் என்று பெயர். விண்ணப்பத்தில் அதற்கு ஒரு கட்டம் உண்டு. அதில் என் பெயரை எழுது. லீவு போட்டுவிட்டு வருகிறேன், வேலையை விட்டும் வருகிறேன். நீ எங்கே நிற்கச் சொல்கிறாயோ அங்கே நிற்கிறேன்.

உன் அண்ணன்
பகலவன்

காலனித் தெரு,
செங்கழனிக் கோட்டகம்.
2.12.2024

அண்ணனுக்கு,

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும். சுருக்கமாக எழுதுகிறேன்.

உரிமம் வந்துவிட்டது. உங்கள் வாக்குமூலம் நன்றாக இருந்தது. முதல் தடவையே இதைச் சொல்லியிருந்தால் எனக்கு விரல் இருந்திருக்கும்.

வெட்டிய இரண்டு பையன்களையும் பிடித்துவிட்டார்கள். எனக்கும் அவர்களுக்கும் முன்பின் பழக்கம் இல்லை. துரைக்கண்ணு அன்று மயிலாடுதுறையில் ஒரு கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றானாம். முந்நூறு பேர் சாட்சி. ஜூனில் அவன் துப்பாக்கி ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்துவிட்டது. அதே நாற்காலி, அதே எண்ணெய்.

திருச்சிக்குப் போனேன். ஃபாஜில் பாய் அந்த ரிவால்வரைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். என் கையைப் பார்த்ததும் அதைத் திரும்ப உள்ளே வைக்கப் போனார். நானாகத்தான் வாங்கி இழுத்துப் பார்த்தேன். விரல் விசை மேல் கிடக்கிறது, மடங்கவில்லை. இடது கையில் மாற்றினேன். பாதியில் நின்றுவிட்டது. கைக்குப் பார்த்து எடுத்ததுதான். கை மாறிவிட்டது.

பக்கத்தில் நின்ற செம்மொழி வாங்கி ஒரே இழுப்பில் டொக் என்று இழுத்தாள். ரீடெய்னர் கட்டத்தில் அவள் பெயரைத்தான் எழுதியிருந்தேன். வலையை எறியும்போது அவள் யாரிடமும் எந்தத் தெரு என்று கேட்கவில்லை.

நீங்கள் எனக்காக மேசையில் எழுந்து நின்று படித்தது உண்மைதான். நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒரு வெட்டு விழுந்த பிறகு நின்றீர்கள். அடுத்த தடவையும் எனக்கு ஒரு வெட்டு விழும்வரை காத்திருக்க என்னால் முடியாது.

நேற்றுக் காலை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். செம்மொழி ரிவால்வரைத் துடைத்தாள், நான் எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். துரைக்கண்ணு வண்டியில் போனான். வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனான். பெரிதாக ஒரு சந்தோஷமும் வரவில்லை. இப்படி உட்கார்ந்தால் நிம்மதியாக இருக்கும் என்று எத்தனை நாள் நினைத்திருந்தேன்.

அம்மா நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உங்கள் தீபாவளிப் புடவையைக் கட்டியிருந்தாள். "இங்க பகலவன்ல வந்து ஒக்காந்திருக்கணும். வரச்சொல்லி அண்ணனுக்கு ஒரு வரி எழுதுடி" என்றாள்.

எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இடது கை, அண்ணே. அந்த வரி இன்னும் வரவில்லை.

சுடர்விழி